வெள்ளைக் கேக்கின் நடுவே ஒரு பொட்டு

சிப்பாய் துணியை விலக்கினான். சாய்வு நாற்காலியில் இருந்த அதிகாரி எழுந்து நின்றார்.

உணவைக் கண்டு எவரும் அப்படி எழுவதில்லை. குதிகால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, நேராக நின்றார். அவரைப் பார்த்துச் சிப்பாயும் விறைத்தான். அவன் கையிலிருந்த துணியின் ஒரு முனை தரையில் புரண்டது. அதை எடுக்க அவன் குனியவில்லை.

மேசைமேல் இருந்தது நான் சுட்ட கேக்கு. நீள்சதுரமான தகரத் தட்டு. மேற்புறம் முழுதும் வெள்ளை. நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.

எனக்குப் பின்னால் நின்ற என் கணவரின் தமக்கை என் சேலைத் தலைப்பை இறுகப் பற்றினார். எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. அதிகாரியின் துபாசியாக இருந்த நாதனைப் பார்த்தேன். எங்கள் அடுத்த தெருவில் வளர்ந்தவர். சப்பான் மொழியை ஆறே மாதத்தில் கற்றவர் என்று பெயர் பெற்றவர். அவர் முகத்தில் இரத்தம் இல்லை.

“அக்கா,” என்றார், உதடு அசையாமல். “என்னா செஞ்சு வெச்சிருக்கீங்க?”

சொல்லைப் பற்றிச் சில சொற்கள்

இத்தொடரின் சென்ற கிழமைப் பகுதியில் நான் ‘கேக்கு’ என்று எழுதியதைக் குறித்து அன்பர் ஒருவர் வருந்தியிருந்தார். ‘அணிச்சல்’ என்னும் இனிய சொல் இருக்க, இலக்கணம் பயின்ற தாங்களே அதை மறக்கலாமா என்பது அவர் கேள்வி.

நேர்மையான கேள்வி. தமிழாசிரியராக இருந்த என் தந்தை அன்பரின் பக்கமே நின்றிருப்பார். பிறமொழிச் சொல்லைக் கண்டால், சோற்றில் கல்லைக் கண்டவர்போல் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டே மேலே படிப்பார். நானும் அவ்வழி வந்தவள்.

ஆயினும், அன்று நாங்கள் அஞ்சியது அணிச்சலுக்கன்று, கேக்குக்கு. அச்சத்தை மொழிபெயர்த்தால் அது வேறோர் அச்சமாகிவிடும். அன்பர் இந்த ஒரு கிழமை பொறுத்தருள்க.

தகரத்து அடுப்பு

மணமாகி மலாக்காவின் காஜா பெராங்குக்கு வந்தபோது எனக்குக் குழம்பு வைக்கத் தெரியாது. கேக்குச் சுடத் தெரியும். என் தந்தை பாடம் சொன்ன பள்ளிக்கு அடுத்த வீட்டில் செராணி அம்மையார் ஒருவர் இருந்தார். போர்த்துக்கீசிய வழிவந்தவர். முட்டை அடிக்க எந்நேரமும் ஒரு கை தேடுவார். என் கை ஓயாத கை. முட்டை நுரைத்துப் பொங்கும்வரை அடிப்பேன். அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டே அடிப்பேன்.

புகுந்த வீட்டில் அடுப்பைத் தவிர வேறு கருவி இல்லை. மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைப் படுக்கவைத்து, ஒரு பக்கத்தைக் கதவாக வெட்டினேன். கீழே தணல், மேலே தணல். உள்ளே மணல் பரப்பி, அதன்மேல் பிஸ்கட் தகரத்தைப் பாதியாய் வெட்டிய தட்டு. அதுவே என் வெதுப்படுப்பு.

அண்ணி அதை நம்பவில்லை. கணவரின் தமக்கையை நாங்கள் அண்ணி என்றே அழைப்போம். இளமையிலேயே கணவரை இழந்து, தாயற்ற தம்பியைத் தம் கையால் வளர்த்தவர். என் முதல் கேக்கை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“இட்லிக்கும் அல்வாவுக்கும் பொறந்தது மாதிரி இருக்கு,” என்றார். “பேரு வெச்சாச்சா?”

பெயர் வைத்தாயிற்றோ இல்லையோ, ஒரு துண்டு மிச்சமில்லை. பின்னர் நான் துணிந்தேன். சங்குப்பூச் சாற்றால் நீல அடுக்கு, பண்டான் இலையால் பச்சை அடுக்கு. பலாச்சுளையை அரைத்து மாவில் கலந்தேன். கருப்பரிசியை வேகவைத்து, மேலே தேங்காய்ப் பால் ஏடு படியச் செய்தேன். என் கணவர் முத்தையா துணிக்கடையில் வேலை பார்த்தவர். வண்ணம் பார்த்தே பழகிய கண். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். “பாதகமில்ல,” என்பார். அவருடைய அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

சப்பானியர் வந்தனர். கோதுமை மாவு போயிற்று, வெண்ணெய் போயிற்று, சீனி போயிற்று. மரவள்ளியே சோறு, மரவள்ளியே பலகாரம். அதிலும் நிம்மதியில்லை. கசப்பு வகைக் கிழங்கு ஒன்று உண்டு. தோலும் நிறமும் நல்ல கிழங்கைப்போலவே இருக்கும். எங்களுக்குப் பின்தெருவில் ஒரு குடும்பம் பகலில் அதைத் தின்றுவிட்டு, மாலையில் ஒருவர்கூட எழவில்லை. அதன்பின் அண்ணி ஒவ்வொரு கிழங்கையும் பச்சையாகக் கடித்துத் துப்பிப் பார்த்தபின்னரே என் கையில் தருவார். எனக்கு ஒருநாளும் கடிக்கத் தரமாட்டார்.

“எனக்கு என்னா, முன்னாடியே போனவருதான் அங்க இருக்காரு,” என்பார். அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

சந்தைக்குப் போனவர்

ஒரு மழைக்காலக் காலையில் உப்பு வாங்கச் சந்தைக்குப் போன என் கணவர் திரும்பவில்லை.

சந்தையின் இரு வாயிலிலும் லாரிகளை நிறுத்திவிட்டு, கையில் வலுவுள்ள ஆண்களையெல்லாம் ஏற்றிவிட்டனர் என்று செய்தி வந்தது. காட்டில் இருப்புப்பாதை போட, சயாமுக்கு. அந்தச் சொல்லை அந்நாளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. எங்கள் மலாக்காவின் இருப்புப்பாதையையே பெயர்த்து அங்கே கொண்டுபோயிருந்தார்கள். தண்டவாளம் போன வழியில் மனிதரும் போனார்கள். தண்டவாளம்போலவே அவர்களும் திரும்பவில்லை.

அன்று பிற்பகல் நாதன் எங்கள் புறக்கடை வழியாக வந்தார். முன்வாசலில் வரத் துணியவில்லை.

“அண்ணன் இங்கதான் இருக்காரு. பத்து பெரெண்டாம் போற ரோட்டுல, ரப்பர் கிடங்குல வெச்சிருக்காங்க. நாளன்னிக்குத் தம்பின் டேசனுக்குக் கொண்டு போயி ரயில் ஏத்துவாங்க.”

“நீங்க சொன்னா விடமாட்டாங்களா, தம்பி?” என்று அண்ணி கேட்டார்.

“நான் சொன்னா என்னையும் சேர்த்து ஏத்துவான்.” வேலிக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தார். “தாய்ச்சோவுக்கு இனிப்புன்னா உயிரு. அவரு ஊர்ல மஞ்சளா, தேனடை மாதிரி ஒரு கேக்கு இருக்காம். அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. அக்கா கேக்கு சுடுவாங்கன்னு அண்ணன் எங்கிட்ட பெருமையா சொல்லுவாரு. நாளைக்கு காலையில கொண்டாந்தா, நான் பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை போட்டுப் பாக்குறேன். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

தாய்ச்சோ என்றால் படைத்தலைவர். அவர் மனம் குளிர்ந்தால் என் கணவர் வீட்டுக்கு வருவார். குளிராவிட்டால் சயாம். இவ்வளவுதான் கணக்கு.

தேனடை

கோதுமை மாவின்றித் தேனடைபோல் கண் கண்ணாய்ப் பொங்கும் கேக்கு எங்ஙனம் எழும்?

மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பிழிந்து, அடியில் தங்கும் வெண்மாவை வெயிலில் உலர்த்தி வைத்திருந்தோம். அந்த மாவு பொங்காது, பசையாய்க் கிடக்கும். அண்ணிதான் வழி சொன்னார். ஆப்பமாவைக் கள் எழுப்புமாயின் இதை ஏன் எழுப்பாது? மரத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய தென்னங்கள் ஒரு குவளை கிடைத்தது. எங்கள் வேலிக்கு அப்பால் இருந்த பிபிக் காமாட்சி, அதாவது காமாட்சிப் பெரியம்மா, இரண்டு வாத்து முட்டை தந்தார். பல தலைமுறையாக மலாக்காவில் வாழும் செட்டி வகுப்பினர். நெற்றியில் பொட்டும் இடையில் சாரோங்கும் நாவில் மலாயும் உடையவர். அவர் தாமே உண்ணாமல் சேர்த்து வைத்திருந்த முட்டை அவை.

மலாக்கா வெல்லத்தைப் பண்டான் இலையோடு பாகாக்கி, தேங்காய்ப் பாலும் முட்டையும் கள்ளும் மாவும் சேர்த்து மூடிவைத்தேன். விடிந்து மூடியைத் திறந்தபோது, மாவின் முகமெங்கும் சிறு குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தன. பொங்குகிறது. என் உள்ளமும் சற்றே பொங்கியது.

தகர அடுப்பில் வைத்தேன். கீழ்த்தணல் சரியாக இருந்தது. மேல்தணலுக்குச் சிரட்டைக் கரியை இட்டிருந்தேன். அன்று அவசரத்தில் ஒரு பிடி கூடிவிட்டது. மணம் வந்து கதவைத் திறந்தபோது, கேக்கின் உள்ளே நான் வேண்டிய தேனடை இருந்தது. மேலே, நடுவில், கரிந்து கறுத்த ஒரு திட்டும் இருந்தது.

வேறு முட்டை இல்லை. வேறு கள் இல்லை. வேறு காலையும் இல்லை.

கரிந்ததைச் சுரண்டினேன், பள்ளம் விழுந்தது. தேங்காய்ப் பாலின் முதல் பாலில் மரவள்ளி மாவைக் கரைத்து, உப்பு ஒரு கிள்ளு சேர்த்துக் காய்ச்சி, கேக்கின்மேல் முழுக்க ஊற்றிப் பரப்பினேன். சிறிது நேரத்தில் அது பளிங்குபோல் உறைந்தது. பள்ளம் தெரியவில்லை. கரியும் தெரியவில்லை.

நான் பெருமூச்சு விட்டேன். அண்ணி விடவில்லை.

“முழு வெள்ளையா இருக்கே, கோதை.”

“நல்லாத்தானே இருக்கு, அண்ணி.”

“நான் கட்டியிருக்கிறது என்னா நெறம்?” தம் சேலையைத் தொட்டுக் காட்டினார். “புருசன மீட்கப் போறவ வெள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போவாளா? நடுவுல ஒரு பொட்டு வெய்யி. நான் வெக்கக் கூடாது. நீ வெய்யி.”

அவர் சொன்னது முறை. புது அடுப்புக்குப் பொட்டிடுகிறோம், புதுப் பானைக்கு இடுகிறோம், கதவுக்கும் ஏட்டுக்கும் இடுகிறோம். குங்குமம் வாய்க்கு ஆகாது. வேலியோரச் செங்கீரையைக் கொதிக்கவைத்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சி, எலுமிச்சை இரு துளி விட்டு, மாவில் குழைத்தேன். நல்ல சிவப்பு. மோதிர விரலால் தொட்டு வைத்தேன். சிறிதாகத் தோன்றவே, வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பெரிதாக்கினேன்.

வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்த பிபிக் காமாட்சி, “சந்தெக்,” என்றார். அழகு என்பது பொருள்.

எங்கள் வாசலில் சப்பான் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் தொங்க வேண்டும் என்பது ஆணை. பழைய வேட்டியைக் கிழித்து அதைத் தைத்தவளும் நானே. நாள்தோறும் அதன்கீழ் நுழைந்து வந்த பெண்கள் மூவர் அந்தக் கேக்கைக் குனிந்து பார்த்தோம். மூவர் கண்ணுக்கும் அது பொட்டாகவே இருந்தது.

எழுந்து நின்றவர்

அந்தப் பொட்டைக் கண்டுதான் அதிகாரி எழுந்து நின்றார்.

நாதனிடம் ஏதோ கேட்டார். நாதன் தலை குனிந்து ஒரே சொல்லில் விடை சொன்னார். பின் எங்கள் பக்கம் திரும்பாமலே முணுமுணுத்தார்.

“கொடியா செஞ்சிருக்காங்கன்னு கேக்குறாரு. ஆமான்னு சொல்லிட்டேன். வேற என்னான்னு சொல்றது?”

அப்போதுதான் கண்டேன். ஒருமுறை கண்டபின் அது மீண்டும் பொட்டாகவில்லை. எங்கள் வாசலில் தொங்கிய அதே கொடி மேசைமேல் படுத்துக் கிடந்தது.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த அவர்களுடைய மன்னரின் படத்துக்குக் கீழே ஒரு சிறு மேசையைப் போடச் செய்து, கேக்கைத் தட்டோடு எடுத்துத் தம் கையாலேயே அங்கு வைத்தார். இடுப்பு வளையக் குனிந்தார். சிப்பாய் குனிந்தான். நாதன் குனிந்தார். நாங்களும் குனிந்தோம். நான் சுட்ட கேக்கை நானே வணங்கினேன்.

“வெட்டமாட்டாராம்,” என்றார் நாதன். குரலில் நிம்மதி இருந்தது. “கொடியை யாரு வெட்டுவா? இங்கேயே இருக்கட்டும், வர்றவங்க எல்லாம் வணங்கட்டும்னு சொல்றாரு. ரொம்ப சந்தோசமா இருக்காரு, அக்கா. இப்ப அண்ணனைப் பத்திக் கேக்கவா?”

நான் அவர் பக்கம் சாய்ந்தேன். “தம்பி, மேல இருக்கிறது தேங்காப் பாலு.”

“அதனால?”

“மத்தியானம் தாண்டாது. புளிச்சு, நொரைச்சு, எறும்பு ஏறிடும்.”

நாதன் என்னைப் பார்த்தார். இந்த நாட்டில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மன்னரின் படத்துக்குக் கீழே, எல்லாரும் பார்க்க, அவர்களுடைய கொடி அழுகப்போகிறது. அதைச் செய்து வந்தவள் நான். ‘ஆமாம், கொடிதான்’ என்றவர் அவர். கிடங்கில் இருப்பவர் என் கணவர்.

“அப்ப நாம தொலைஞ்சோம்,” என்றார். பின் விரைந்து, “போயி வணங்குற மாதிரி அந்தச் செவப்பைத் தொடைச்சிடுங்க. கை பட்டுருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். செவப்பு போனா வெறும் கேக்குதான்.”

நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

“தொடாதே,” என்றார் அண்ணி.

அவர் குரல் உயரவில்லை. ஆயினும் என் கை நின்றுவிட்டது. பொட்டைத் துடைப்பது என்றால் என்னவென்று அந்த அறையில் அறிந்தவர் அவர் ஒருவரே. ஒருநாள் அவரை நடுக்கூடத்தில் உட்காரவைத்து, அவர் நெற்றியில் பிறர் அதைச் செய்திருந்தனர். கணவரை மீட்க வந்த இடத்தில், நானே வைத்த பொட்டை நானே துடைப்பதா?

துடைத்தால் அது. துடையாவிட்டால் பிற்பகலில் புளித்த கொடி.

அதிகாரி எங்கள் மூவரையும் பார்த்தார். மலர்ச்சி குறையத் தொடங்கியது. நாதனிடம் ஒரு சொல் கேட்டார். ‘என்ன பேசுகிறார்கள்?’ என்பதாக இருக்க வேண்டும். சிப்பாயின் கை துப்பாக்கி வாரில் இருந்தது.

படையல்

எங்கிருந்து அந்த எண்ணம் வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. அச்சம் சிலவேளை அறிவைக் கூர்மையாக்கும் என்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனம் அஞ்சி, பழகிய இடத்துக்குள் ஓடி ஒளிந்தது. அவ்வளவே.

“தம்பி, இப்படிச் சொல்லுங்க. எங்க வழக்கத்துல இது படையல். சாமிக்கு முன்னால வெச்சதை அப்படியே விட்டுடக் கூடாது. அது சாமிக்கு ஆகாது. வணங்கினதும் எடுத்து எல்லாரும் சாப்பிடணும். செவப்பை நெத்தியில வெச்சுக்கணும்.”

“நம்புவாரா?”

“நம்புறதுக்கு என்னா? நெசந்தானே.”

நாதன் சொன்னார். நீளமாகச் சொன்னார், நடுவில் ஒருமுறை திக்கினார். அதிகாரி படத்தைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். அவர் பிறந்த வீட்டிலும் தெய்வத்துக்கு முன் சோறு வைத்து, பிறகு அதை எடுத்து உண்டிருப்பார்களோ என்னவோ. கடைசியில் தலையை ஒருமுறை அசைத்தார்.

நான் போனேன். கும்பிட்டேன். கரண்டியின் விளிம்பைச் சிவப்பின் அடியில் மெல்ல நுழைத்தேன். குழைத்து வைத்த மாவு ஏடாக உறைந்திருந்தது. கிழியாமல் எழுந்து வந்தது. அதை இடக்கையில் ஏந்தி, மோதிர விரலால் எடுத்து எடுத்து, என் நெற்றியில் பழைய பொட்டின்மேல் வைத்தேன். ஒரு துளியும் மிச்சம் வைக்கவில்லை.

மேசைமேல் வெறும் கேக்கு இருந்தது.

அதிகாரி கத்தியை என்னிடம் நீட்டினார். பிறகு என் வாயைச் சுட்டினார். அதற்குத் துபாசி வேண்டியிருக்கவில்லை. மரவள்ளி கொன்றவர்களைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார்.

ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தின்றேன். தித்தித்ததா என்று அறியேன். வாயில் ஈரமில்லாமல், அது மணல்போல் உருண்டது. விழுங்கினேன். அவர் காத்திருந்தார். கசப்புக் கிழங்கு உடனே கொல்வதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. முற்றத்தில் யாரோ விறகு பிளக்கும் ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணி கடித்துப் பார்த்த கிழங்குதான் என்று உள்ளே சொல்லிக்கொண்டேன். ஆனால் எல்லாக் கிழங்கையுமா கடித்தார்? 

நான் விழவில்லை. அவர் ஒரு துண்டு எடுத்தார். வெட்டிய முகத்தைத் திருப்பி, தேனடைக் கண்களைப் பார்த்தார். தின்றார். இன்னொன்று எடுத்தார். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தின்றார். எங்களை மறந்துவிட்டார்போலும். நாதன் அந்நேரம் பார்த்துத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

அதிகாரி திரும்பாமலே கையை வீசினார்.

“போங்க,” என்றார் நாதன். “சிப்பாயி கூட வருவான். ஓடாதீங்க. சிரிக்காதீங்க. நடங்க.”

மூன்று பெயர்கள்

கிடங்கு வாயிலில் என் கணவரை வெளியே தள்ளினார்கள். கண் கூசி நின்றார். என்னைக் கண்டார், முகம் வெளிறிற்று.

“யாரு அடிச்சா?”

வெயிலிலும் வியர்வையிலும் செங்கீரைச் சாறு கரைந்து, புருவத்திலும் மூக்கிலும் வழிந்திருந்தது.

“யாரும் அடிக்கல. கேக்கு.”

“என்னா?”

“வழியில சொல்றேன். நடங்க.”

தோள்துண்டால் என் நெற்றியைத் துடைக்க வந்தார். அண்ணி அவர் கையைத் தட்டிவிட்டார்.

கிடங்கின் பலகைச் சுவருக்கு உள்ளிருந்து குரல்கள் வந்தன. வெளியே போகும் ஒருவன் காதில் விழட்டும் என்று, ஒருவர்மேல் ஒருவராகக் கத்தினார்கள். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் பலகையை அடித்தான். குரல்கள் அடங்கின. அதற்குள் மூவர் வீட்டு விலாசமும் வீட்டுப் பெண்களின் பெயரும் என் கணவரின் காதில் விழுந்துவிட்டன.

வீடுவரை அவர் எங்களோடு பேசவில்லை. “தெங்கேரா, பள்ளிவாசலுக்குப் பின்னால, பாத்திமா. செமாபோக், செக்கு வீடு, அஞ்சலை. புக்கிட் சீனா அடிவாரம், சலவைக்காரவூடு, இராக்கு.” மறந்துவிடுவோமோ என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். காவற்சாவடியில் குனிந்தபோதும் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. காவலன் பார்த்துவிடுவான் என்று நான் நடுங்கினேன்.

வாசலில் அவர் செருப்பைக் கழற்றவில்லை.

“சொல்லிட்டு வந்துடுறேன்.”

“மறுபடியும் ரோட்டுலயா?” நான் கதவை மறித்து நின்றேன். “இப்பத்தானே விட்டான்? போற வழியில இன்னொரு லாரி நின்னா? திரும்பவும் சுட என்கிட்ட முட்டை இல்ல.”

 அண்ணி சொன்னார்.

“போகட்டும், விடு. லாரி நாளைக்குத்தானே. அந்தப் பொம்பளைங்களும் கேக்கு சுடணும்ல?”

நான் கதவை விட்டு நகர்ந்தேன்.

அன்று மாலை

பிற்பகலில் அவர் திரும்பினார். அவருக்குப் பின்னால் ஒருவர்பின் ஒருவராக மூன்று பெண்கள் வந்தனர். யாரிடமும் முட்டை இல்லை. அஞ்சலை ஒரு தேங்காய் கொண்டுவந்தாள். இராக்கு வெல்லம் கொண்டுவந்தாள். பாத்திமா மரவள்ளி மாவை முந்தானையில் முடிந்து வந்தாள். இருபது வயதுகூட இராது.

கள் புளித்து எழ நேரமில்லை. எழாத மாவை மூன்று தட்டில் ஊற்றி ஆவியில் அவித்தோம். மேலே தேங்காய்ப் பால் பரப்பினோம். நடந்ததை அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். ஆதலால் சிவப்பை இம்முறை தெரிந்தே வைத்தோம். அஞ்சலையும் இராக்கும் தத்தம் தட்டில் கண்மூடி வைத்தனர்.

பாத்திமா தயங்கினாள். “எனக்கு வெச்சுப் பழக்கமில்லைங்க,” என்று சிவப்புக் கிண்ணத்தை அண்ணியிடம் நீட்டினாள். “நீங்க வெச்சுக் குடுங்க.”

அண்ணி தம் விரலைப் பார்த்துக்கொண்டார். எத்தனையோ ஆண்டாக அந்த விரல் சிவப்பைத் தொட்டதில்லை.

“என் கை ஆகாது, கண்ணு.”

“கொடிதானேங்க. கொடிக்கு என்னா?”

அண்ணி வைத்தார். வட்டம் சற்றே கோணியது. மெல்லத் திருத்தினார்.

விளக்கு வைக்கும் வேளை. வெள்ளை இன்னும் உறையவில்லை. விரல் பட்டால் ஒட்டியது. தெருவில் லாரியின் ஒலி கேட்டது. பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. எங்கள் தெரு வழியே தம்பின் சாலைக்குப் போயின. நாளை என்று சொன்னவர்கள் இன்றே கிளம்பிவிட்டார்கள்.

யாரும் அழவில்லை. லாரிகளில் இருந்தோர் எதையாவது சொல்லிக் கத்தினார்களா என்று செவி கொடுத்தோம். பொறியின் ஒலி தவிர ஒன்றும் இல்லை. பாத்திமா வெறுங்காலோடு வெளியே ஓடினாள். என் கணவர் வாசல்வரை போய், அங்கேயே நின்றுவிட்டார். அவள் திரும்பி வரவில்லை.

அஞ்சலையும் இராக்கும் நெடுநேரம் தத்தம் தட்டின்முன் இருந்தனர். பின் ஒருத்தி சிவப்பை விரலால் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். மற்றவளும் அவ்வாறே செய்தாள். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள்.

மறுநாள் காலை, அடுப்படியில் மூன்று தட்டுகள். பஞ்ச காலத்தில் உணவை எறிய முடியாது. முழுக்கப் புளிப்பதற்குள் தின்றாக வேண்டும். இரண்டை வெட்டித் தின்றோம். மூன்றாவது பாத்திமாவின் கொடி; அண்ணி வைத்த சிவப்பு வட்டம் அதன் நடுவில் குலையாமல் இருந்தது.

என் கணவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார். அண்ணி எழுந்து முன்கதவைத் தாழிட்டார். புறக்கடைக் கதவையும் தாழிட்டார். சன்னல் பலகையை இழுத்து மூடினார். பிறகு வந்து அமர்ந்து, வட்டத்தின் நடுவே கத்தியை வைத்து அழுத்தினார்.